போய்ப் பார்த்தவர் யார்?

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுது. ஊர்ப் படிப்பகத்தில் இளைஞர் ஒரு பத்துப் பேர், முதியவர் மூவர் கூடியிருந்தனர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருந்தார்கள். பேசினோம். ஆறு சக்கர வண்டியொன்று நிலவின் தரையிலே உருண்டதையும், பெங்களூரில் அமர்ந்திருந்தோர் அதற்குக் கட்டளையிட்டதையும், நிலவு மண்ணில் கந்தகம் இருக்கிறதென அது கண்டு சொன்னதையும் எடுத்துரைத்தோம். கைதட்டினார்கள். நமக்கும் மகிழ்ச்சிதான்.

கூட்டம் கலைகிற நேரத்தில் பெரியவர் ஒருவர் எழுந்தார். நெற்றியிலே நீறு, பேச்சிலே நிதானம்.

"தம்பி, எனக்கு ஓர் ஐயம். கண்ணால் காணாத ஒன்றை நான் நம்பினால் அதை மூடநம்பிக்கை என்கிறீர்கள். நிலவிலே கந்தகம் இருப்பதை நீங்கள் கண்டீர்களா? அந்த வண்டி ஓடியதை இங்கே இருப்பவர்களில் எவரேனும் போய்ப் பார்த்து வந்தாரா? யாரோ சொன்னார்கள், ஏட்டிலே வந்தது, நீங்கள் நம்பினீர்கள். எனக்கும் யாரோ சொன்னார்கள், ஏட்டிலே இருந்தது, நான் நம்பினேன். வேறுபாடு எங்கே இருக்கிறது?"

இளைஞர்களில் சிலர் நகைத்தார்கள். நமக்கு நகைப்பு வரவில்லை. "அது விஞ்ஞானம், ஐயா" என்று ஏதோ சொல்லி ஒப்பேற்றினோம். அது விடையன்று என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மோடு கூடவே நடந்து வந்தது.

தோழர்களே, அந்தக் கேள்வியை எள்ளி நகையாட நமக்கு உரிமை உண்டா? நாளேட்டிலே கண்டதை அப்படியே நம்பும் நாம், புராணத்திலே கண்டதை அப்படியே நம்புகிறவரை இகழ்ந்தால், ஏடு மாறிற்றே அன்றி இயல்பு மாறவில்லை என்றுதானே பொருள்? பகுத்தறிவாளன் என்று பெயர் சூட்டிக்கொள்வது எளிது. ஏன் நம்பினாய் என்று கேட்டால் எடுத்துச் சொல்லக் காரணம் வைத்திருப்பதன்றோ அரிது!

ஆகவே விடை தேடினோம். கருவி ஓரிடத்திலும் மனிதன் வேறிடத்திலும் இருந்து, இங்கிருந்தே அதை இயக்கி, அது அனுப்பும் செய்தியைக் கொண்டு அறிவை வளர்த்த வரலாற்றைப் புரட்டினோம். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அது. அதிலே நாம் கண்டது என்ன தெரியுமா? அந்தக் கருவிகளைப் படைத்தவர்களே அவற்றை எளிதில் நம்பவில்லை! படிப்பகத்துப் பெரியவர் கேட்ட கேள்வியை, அவர் பிறப்பதற்கு முன்பே, அவரைவிடக் கடுமையாகத் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

இரவிலே ஏறிய பலூன்கள்

பாரிசு நகருக்கு அண்மையில் திராப் என்றோர் ஊர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, மேல்வானத்தின் வெப்பநிலையை அளக்க முற்பட்டார் லியோன் தெஸ்ரான் தெ போர் என்னும் பிரெஞ்சு அறிஞர். மனிதன் ஏறினால் மூச்சுத் திணறி மாளும் உயரம் அது. எனவே ஆளில்லாப் பலூன்களில் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் தாமே பதியும் கருவிகளைக் கட்டி அனுப்பினார். பலூன் எங்கோ விழும். கண்டெடுத்தவர் திருப்பிக் கொடுத்தால் அதன் பதிவைப் படிக்கலாம்.

உயரம் ஏற ஏறக் குளிர் மிகும் என்பதே அன்றைய அறிவு. மேலே செல்லச் செல்ல அது மிகுந்துகொண்டே போகும் என்றும் எண்ணியிருந்தனர். பலூன்களோ வேறொன்று சொல்லின. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்துக்குமேல் வெப்பநிலை இறங்குவது நின்றுவிடுகிறது என்றன.

புதிய கண்டுபிடிப்பு! வேறொருவராயிருந்தால் அன்றே முரசறைந்திருப்பார். அவர் தம் கருவியையே ஐயுற்றார். அவ்வளவு உயரத்தில் வெயில் கடுமையானது. அந்த வெயிலிலே வெப்பமானி காய்ந்து, காற்றின் வெப்பத்தைச் சொல்லாமல் தன் வெப்பத்தைச் சொல்லியிருந்தால் என்ன செய்வது? ஆகவே பலூன்களை இரவிலும் அனுப்பினார். வெயில் இல்லாதபோதும் அதே செய்தி வருகிறதா என்று பார்த்தார். வந்தது. மீண்டும் மீண்டும் அனுப்பினார். 236 பலூன்கள் சென்று வந்தபின்னரே, 1902ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் தம் முடிவை வைத்தார். சில நாட்களுக்குள் செருமனியிலிருந்து ரிச்சர்டு அஸ்மன் என்பார், தாம் வேறுவகைப் பலூன்களால் ஆய்ந்ததிலும் அதுவே தெரிந்ததென அறிவித்தார். இன்று நம் மாணவர்கள் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று படிக்கிறார்களே, அந்த வான அடுக்கு இவ்வாறுதான் அறிவுலகுக்குள் நுழைந்தது.

ஒருமுறை சொன்னதைக் கேட்டு ஏற்கவில்லை. வேறு நிலையில் வைத்து மீண்டும் கேட்டார்கள். வேறொருவரும் தனியே கேட்டார். இவையே முதற் பாடம்.

பலூன் விழுந்த இடத்தைத் தேடும் தொல்லையும் விரைவில் தீர்ந்தது. 1929இல் பிரான்சின் ராபர்ட் பூரோவும், 1930இல் சோவியத்து நாட்டின் பாவெல் மோல்சானவும் பலூனோடு வானொலிக் கருவியையும் சேர்த்து அனுப்பி, அது மேலே இருக்கும்போதே அதன் செய்தியைத் தரையில் கேட்டார்கள். மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறையினர் இன்றும் அனுப்பும் பலூன்கள் அவ்வழி வந்தவையே.

வாயடைத்துப்போன கருவி

கருவி பேசும்போது ஐயுறுவது ஒருபுறம் இருக்கட்டும். பேசாதபோது என்ன செய்வது?

1958ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அமெரிக்கா தன் முதல் செயற்கைக் கோளாகிய எக்ஸ்புளோரர்-1ஐ ஏவியது. அதிலே அயோவாப் பல்கலைக்கழகத்துச் சேம்சு வான் ஆலன் குழுவினர் ஒரு கைகர் எண்ணியை வைத்திருந்தனர். விண்வெளியிலிருந்து பாயும் கதிர்த்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி அது. கோள் தாழ்ந்து பறந்தபோது எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தது. உயர்ந்து பறந்தபோது வந்தது சுழி! துகளே இல்லை என்றது கருவி.

மேலே போனால் கதிர்வீச்சு முற்றும் மறைந்துவிடுமா? மறைய ஏதுவில்லை. கருவி பழுதா? பழுதென்றால், கோள் தாழும்போது மறுபடியும் ஒழுங்காக எண்ணுவானேன்? அவ்வாண்டு மார்ச்சு 26ஆம் நாள் ஏவிய எக்ஸ்புளோரர்-3இல் ஒலிநாடாப் பதிவுக் கருவியும் இருந்தது. சுற்றுப் பாதை முழுவதும் எண்ணிப் பதிந்துவைத்து, தரையிலிருந்து கட்டளை வந்ததும் சில நொடிகளில் அனைத்தையும் ஒப்புவிக்கும் அமைப்பு அது. அதன் பதிவிலே வியப்பான ஓர் ஒழுங்கு தெரிந்தது. எண்ணிக்கை ஏறுகிறது, மிக வேகமாக ஏறுகிறது, திடீரெனச் சுழியாகிறது. பின்பு மீண்டும் உச்சத்தில் தொடங்கி இறங்குகிறது.

அந்தக் குழுவின் இளைஞர் கார்ல் மக்கில்வெய்ன் ஒரு வேலை செய்தார். வானத்துக்குப் போய்ப் பார்க்க அவரால் இயலாது. ஆனால் வானத்திலுள்ள கருவியின் உடன்பிறப்பு ஒன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதனை எக்ஸ் கதிரின் முன் வைத்தார். கதிரைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். எண்ணிக்கை ஏறிற்று, மேலும் ஏறிற்று, கதிர் அளவு மீறியதும் கருவி வாயடைத்து நின்றது! திருவிழா வாயிலிலே தலை எண்ண ஒருவனை நிறுத்துகிறோம் என்று வையுங்கள். ஒருவர் ஒருவராக வந்தால் எண்ணுவான். ஆயிரம் பேர் ஒரே நெரிசலாகப் புகுந்தால், எண்ண முடியாமல் திகைத்து நிற்பான். அவன் கணக்கேடு வெறுமையாயிருப்பதைக் கண்டு, திருவிழாவுக்கு ஒருவருமே வரவில்லை என்று முடிவு கட்டலாமா?

மேலே கதிர்வீச்சு இல்லாமற் போகவில்லை. கருவி தாங்காத அளவுக்கு இருக்கிறது. 1958 மே முதல் நாள் வான் ஆலன் உலகுக்கு இதனை அறிவித்தார். புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்கள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. சுழியைச் சுழியென்றே எழுதிவிட்டுப் போயிருந்தால், விண்வெளிக் காலத்தின் முதற் பெருங்கண்டுபிடிப்பு அன்றே கைநழுவியிருக்கும்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே. போய்ப் பார்க்க முடியாத இடத்திலுள்ள கருவியின் மௌனத்தைக்கூட, இங்கே உள்ள இரட்டைக் கருவியைக் கொண்டு குறுக்கு விசாரணை செய்யலாம். தொலைவிலிருந்து இயக்கும் கலையின் அடித்தளமே அந்த இரட்டைதான்.

நிலவிலே ஒரு கை

"போய்ப் பார்த்தவர் யார்?" என்றல்லவா கேட்டார் பெரியவர்? போய்ப் பார்த்த கதையும் உண்டு.

1966 பிப்ரவரி 3ஆம் நாள் சோவியத்து நாட்டின் லூனா-9 நிலவில் மெல்ல இறங்கியது. நிலவுத் தரையிலிருந்து படம் அனுப்பிய முதற் கருவி அதுவே. சோவியத்து நாட்டான் சொன்னால் மேலை நாட்டான் நம்புவானா? ஒருவனை ஒருவன் ஐயுற்ற பனிப்போர்க் காலம் அது. ஆனால் வானொலி அலைக்கு எல்லைக் காவல் இல்லை. இங்கிலாந்தின் சோட்ரல் பேங்க் ஆய்வுக்கூடத்துப் பெருந்தொலைநோக்கி அந்த அலையைத் தானே பிடித்தது. நாளிதழ்கள் படம் அனுப்பிப் பெறும் முறையிலேயே அந்தச் செய்தி அமைந்திருக்கக் கண்டு, ஒரு நாளிதழிடமிருந்து படம் பெறும் பொறியை வரவழைத்துப் பொருத்தினார்கள். நிலவின் தரை தாளிலே வந்தது! படத்தின் நீள அகல அளவு சற்றே பிறழ்ந்திருந்தது, அது வேறு. சோவியத்து நாடு வெளியிடுமுன்னரே இலண்டன் இதழில் படம் வந்துவிட்டது. எதிரணியில் நிற்பவனே சாட்சியானான். இதைவிடச் சிறந்த சாட்சி வேறு யார்?

அடுத்த ஆண்டு, 1967 ஏப்ரல் 20ஆம் நாள், அமெரிக்காவின் சர்வேயர்-3 நிலவில் இறங்கியது. மண்ணைத் தோண்டுதற்கென்று நீளும் கையொன்றும், அதன் நுனியில் சிறு வாளியொன்றும் அதற்கு இருந்தன. கலிபோர்னியாவில் அமர்ந்து ரொனால்டு ஸ்காட் குழுவினர் அந்தக் கையை இயக்கினர். கட்டளை செல்லச் சற்றேறக்குறைய ஒன்றேகால் நொடி, மறுமொழி வர ஒன்றேகால் நொடி. கையைச் சிறிது அசைப்பர். படம் எடுப்பர். படத்தைப் பார்த்து அடுத்த அசைவை எண்ணுவர். உழவன் மண்வெட்டியால் ஒரே வீச்சில் வெட்டும் பள்ளத்துக்கு அங்கே அத்தனை கட்டளைகள்! நிலவின் தரை ஆழமான தூசிப் படுகை, இறங்கும் கலம் புதைந்துபோகும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். அந்தக் கை மண்ணை அழுத்திப் பார்த்தது, கிளறிப் பார்த்தது, பள்ளம் பறித்தது. ஈர மணலை ஒத்துப் பிடிப்புள்ள மண், ஆளைத் தாங்கும் என்றது. இறங்குகையில் தான் துள்ளித் துள்ளி விழுந்ததையும் கலம் தெரிவித்திருந்தது.

இவ்வளவும் கலம் சொன்னது. மெய்யா, பொய்யா?

31 திங்கள் கழித்து, 1969 நவம்பரில், அப்பல்லோ-12 கலத்திலே சென்ற சார்லஸ் கான்ராடும் ஆலன் பீனும் சர்வேயர்-3க்கு ஏறத்தாழ 160 மீட்டர் தொலைவில் இறங்கினார்கள். அதனிடம் நடந்து சென்றார்கள். கலம் நின்றது. அது தோண்டிய பள்ளம் இருந்தது. துள்ளி விழுந்த காலடித் தடம் இருந்தது. கலத்தின் படக்கருவியையும் மண் தோண்டிய வாளியையும் கழற்றிப் புவிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தொலைவிலிருந்து இயக்கிய கருவியின் வாக்குமூலத்தை, மனிதன் நேரில் போய் ஒத்துப் பார்த்த நாள் அது. பெரியவர் கேட்ட சாட்சி இதோ!

இன்னொரு சாட்சி நாற்பதாண்டு காத்திருந்தது. 1970 நவம்பரில் சோவியத்து நாட்டின் லூனகோது-1 என்னும் வண்டி நிலவில் ஓடத் தொடங்கியது. கிரிமியாவில் இருந்த ஐவர் குழு அதை ஓட்டியது. ஓட்டுநருக்குக் காட்சி திரைப்படமாக ஓடவில்லை. நொடிகள் பல கழித்து வரும் தனித்தனிப் படங்களைப் பார்த்தே ஓட்டினார். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடிற்று. 1971 செப்டம்பரில் மௌனமாயிற்று. ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் பிரெஞ்சுக் கண்ணாடி ஒன்று அதில் இருந்தது. வண்டி நின்ற இடம் துல்லியமாகத் தெரியாமல் அது ஆண்டுக்கணக்கில் பயனற்றுக் கிடந்தது. 2010இல் நிலவைச் சுற்றும் அமெரிக்கக் கலம் ஒன்று வண்டியைப் படமெடுத்து இடத்தைக் காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 22ஆம் நாள் அமெரிக்க அறிஞர்கள் அவ்விடத்துக்கு லேசர் ஒளியை ஏவினார்கள். ஒளி திரும்பி வந்தது! ஓட்டிய நாடாகிய சோவியத்து ஒன்றியமே உலகப் படத்திலிருந்து மறைந்துவிட்டது. அவர்கள் உரைத்ததற்குச் சான்று நிலவிலே நின்றுகொண்டிருந்தது.

நம்பியதால் வந்த கேடு

இவ்வளவும் சொல்லிவிட்டு, விஞ்ஞானிகள் தவறே செய்யாத தேவர்கள் என்று முடித்தால், நாமும் ஒரு புராணம் எழுதியவராவோம். ஆகவே அவர்கள் சறுக்கியதையும் சொல்லவேண்டும்.

1990 ஏப்ரல் 24ஆம் நாள் ஹபிள் தொலைநோக்கி விண்ணில் ஏறியது. புவியிலிருந்து கட்டளையிட்டு இயக்கும் பெருங்கருவி. 2.4 மீட்டர் குறுக்களவுள்ள அதன் ஆடி, மிகுந்த நுட்பத்தோடு தேய்க்கப்பட்டது என்று பெருமை பேசினார்கள். முதற் படங்கள் வந்தபோது முகம் வாடினார்கள். விண்மீன்கள் கூர்மையின்றி மங்கி வந்தன. ஆடியின் விளிம்பு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குத் தவறாகத் தேய்ந்திருந்தது. மனிதமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு!

எப்படி நேர்ந்தது? ஆடியைத் தேய்க்கும்போது அதன் வடிவத்தைச் சோதிக்க ஓர் அளவைக் கருவி இருந்தது. அதிலே ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் பிறழ்ந்து பொருத்தப்பட்டிருந்தது. தவறான அளவுகோலைக் கொண்டு மிகச் சரியாகத் தேய்த்தார்கள்! கேட்கக் கேட்க நெஞ்சைச் சுடும் செய்தி இன்னும் உண்டு. வேறு இரண்டு சோதனைக் கருவிகள், ஆடியிலே பிழை இருக்கிறதென்று அன்றே காட்டின. "அவை மட்டமான கருவிகள், நம் பெரிய கருவிதான் துல்லியமானது" என்று அவற்றின் சொல்லை ஒதுக்கிவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் உயர்ந்ததென்று பீடத்தில் ஏற்றி, மற்றவற்றின் சாட்சியைத் தாழ்ந்ததென்று தள்ளினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? நம் நாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

ஆனால் அதன்பின் நடந்ததை நோக்குங்கள். பிழையை மூடி மறைக்க இயலவில்லை, ஏனெனில் படங்களே காட்டிக்கொடுத்தன. விசாரணைக் குழு அமைந்தது. பிழைக்கான காரணம் அச்சிலே வெளிவந்தது. பிழையின் அளவு துல்லியமாகத் தெரிந்ததால் அதற்கு நேரெதிரான திருத்தமும் செய்ய முடிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் எழுவர் சென்று, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுவதுபோலத் திருத்தக் கருவிகளைப் பொருத்தினார்கள். பார்வை தெளிந்தது.

சித்தம்பூண்டிப் பாறை

இனி நம் சந்திரயானுக்கு வருவோம். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் இறங்குகலம் நிலவிலே மோதி அழிந்தது. அந்தத் தோல்வியைத் தலையெழுத்து என்று விட்டுவிடாமல், ஏன் விழுந்தது என்று ஆராய்ந்தார்கள். ஆராய்ந்ததன் விளைவு சந்திரயான்-3. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தில் பிறந்த ப. வீரமுத்துவேல்.

முன்னே சொன்ன இரட்டையை இங்கேயும் காண்கிறோம். நிலவில் ஓடவேண்டிய வண்டியைப் புவியில் ஓட்டிப் பார்க்க நிலவு மண் வேண்டுமே, எங்கே போவது? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்குப் போனார்கள்! அந்த வட்டாரத்தில் உள்ள அனார்த்தசைட்டு என்னும் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினர் அதற்குத் துணை நின்றனர். பாறையை இடித்துப் பொடியாக்கி, நிலவு மண்ணின் போலியாக்கி, பெங்களூரிலே பரப்பிச் சோதித்தார்கள்.

நிலவிலே வண்டி இறங்கியபின், அது எடுத்தனுப்பிய படத்தைப் பார்த்தே வழி வகுத்தார்கள். ஆகஸ்டு 27ஆம் நாள், வண்டிக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்று படத்திலே தெரிந்தது. வந்த வழியே திரும்பு என்று கட்டளை சென்றது. வண்டி திரும்பிற்று, வேறு வழியில் நடந்தது.

கந்தகத்தின் கதை என்ன? முதலில் ஒரு கருவி, லேசர் ஒளியால் மண்ணைச் சுட்டு, எழுந்த ஒளியைப் பிரித்துப் பார்த்துக் கந்தகம் உண்டு என்றது. அந்த ஒன்றோடு விடவில்லை. வண்டியிலிருந்த இன்னொரு கருவி, ஆல்பாத் துகளையும் எக்ஸ் கதிரையும் மண்ணின்மேல் பாய்ச்சி, வேறொரு முறையால் ஆய்ந்தது. அதுவும் கந்தகம் உண்டு என்றது. இரண்டு கருவி, இரண்டு முறை, ஒரே விடை. கலம் நிலவில் நிற்பதை அமெரிக்கக் கலமும் படமெடுத்தது. 2023 டிசம்பர் 12ஆம் நாள் அதே அமெரிக்கக் கலம், நம் கலத்தின்மேல் உள்ள சிறு கண்ணாடியை நோக்கி லேசர் ஒளி அனுப்பித் திரும்பப் பெற்றது.

படிப்பகத்திலே நாம் கந்தகத்தைச் சொன்னோமே தவிர, இரண்டாவது கருவியைச் சொல்லவில்லை! முடிவைச் சொன்னோம், முடிவுக்கு வந்த வழியைச் சொல்லவில்லை. வழியைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால், கேட்பவருக்கு அது அருள்வாக்காகத்தானே தோன்றும்? குற்றம் பெரியவருடையதன்று, நம்முடையதே.

இருபத்திரண்டரை மணி நேரம்

தொலைவின் எல்லையைக் காட்டும் செய்தி ஒன்றையும் சொல்லியாகவேண்டும். 1977இல் புறப்பட்ட வாயேசர்-1 கலம், 2023 நவம்பரில் பொருளற்ற செய்திகளை உளறத் தொடங்கியது. புவியிலிருந்து அதன் தொலைவு 2,400 கோடி கிலோமீட்டர். கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி, மறுமொழி வர இருபத்திரண்டரை மணி. அன்று அதைக் கட்டியவர்களில் பலர் இன்று இல்லை. பொறியாளர்கள் பழைய ஏடுகளைத் தேடிப் படித்தார்கள். 2024 மார்ச்சில் ஒரு கட்டளையனுப்பி, கலத்தின் கணிப்பொறி தன் நினைவகத்தில் உள்ளதை அப்படியே ஒப்புவிக்கச் செய்தார்கள். அதனை முன்பு நலமாயிருந்தபோது பெற்ற பதிவோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார்கள். நினைவகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு கெட்டிருந்தது. ஒரு சில்லின் பழுது அது. அங்கே இருந்த கட்டளைத் தொடரைப் பகுத்து வேறிடங்களுக்கு மாற்றி ஏப்ரல் 18ஆம் நாள் அனுப்பினார்கள். 20ஆம் நாள் கலம் தெளிவாகப் பேசிற்று.

வேண்டுதல் செய்யவில்லை. ஒத்துப் பார்த்தார்கள். அவ்வளவே.

சோதிக்கும் உரிமை

"யாரும் சோதிக்கலாம்" என்கிறோம். யாரும் என்றால் உண்மையிலேயே யாருமா? இங்கேயும் விஞ்ஞான உலகம் கறைபடாத உலகமன்று. அமெரிக்காவின் வில்சன் மலைத் தொலைநோக்கியில் பெண்ணுக்கு இடமில்லை என்றிருந்த காலம் உண்டு. மார்கரெட் பர்பிட்சு என்னும் பேரறிஞர், 1950களில் தம் கணவரின் உதவியாளர் என்ற பெயரிலேதான் அங்கே நுழைய முடிந்தது. பாலமர் மலைத் தொலைநோக்கியில் முறைப்படி இடம் பெற்ற முதற் பெண் வேரா ரூபின். ஆண்டு 1965.

தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள் அந்த மலைக்கதவுகளை வலுவிழக்கச் செய்தன. 1978 சனவரியில் ஏவப்பட்ட பன்னாட்டுப் புறஊதா ஆய்வுக் கோள் 1996 வரை உழைத்தது. மேரிலாந்திலும் மாட்ரிட் நகருக்கு அருகிலும் இருந்த அறைகளில், பல நாட்டு வானியலார் விருந்தினராக வந்தமர்ந்து அதனைப் பயன்படுத்தினர். காவல் காக்க மலையுச்சிக் கூடம் இல்லை, அறையும் திரையுமே இருந்தன.

ஆனால் கதவு போனபின்னும் தடை வேறுருவில் நின்றது. ஹபிளைப் பயன்படுத்த விண்ணப்பிப்போரில், பெண்களின் விண்ணப்பம் ஆண்டுதோறும் ஆண்களினுடையதைவிடக் குறைவாகவே வெற்றி பெற்றுவந்தது கணக்கெடுத்தபோது தெரிந்தது. என்ன செய்தார்கள்? 2018இல் விண்ணப்பித்தவரின் பெயரையே மதிப்பிடுவோருக்குக் காட்டாமல் மறைத்தார்கள். அந்த ஆண்டு பெண்களின் வெற்றி விகிதம் ஆண்களினுடையதைச் சற்றே விஞ்சிற்று! சொன்னவர் யார் என்பதை மறைத்தவுடன், சொன்னது யாது என்பது தெரிந்தது. குறள் படித்த நமக்கு இது புதிய அறிவன்று; நடைமுறைப்படுத்தத் தவறிய பழைய அறிவு.

பெரியவருக்கு விடை

நாம் நிலவுக்குப் போய்ப் பார்க்கவில்லை. அதை ஒளிக்கவேண்டியதில்லை. ஆனால் நம்பச் சொல்லும் எவரிடமும் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு உண்டு என்பதை இந்த வரலாறு கற்பிக்கிறது. நீர் கொண்ட கருவியைச் சோதித்தீரா? உம்மைச் சாராத வேறொருவர், இயன்றால் உம் எதிரி, அதையே கண்டாரா? வேறொரு வழியிலே போனாலும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறோமா? பிழையென்று தெரிந்தால் ஒப்புக்கொள்வீரா? நான்குக்கும் விடை தருவது அறிவு. கேட்பதே குற்றம் என்பது நம்பிக்கை. வேறுபாடு அங்கே இருக்கிறது.

அடுத்த கிழமை பெரியவரைத் தேடிச் சென்று இதைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பலூனை இரவிலே அனுப்பியது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. முடிவில் கேட்டார்: "சரி தம்பி. இந்த நான்கு கேள்வியை உங்கள் மேடையிலே பேசுகிறவர்களிடமும் கேட்பீர்களா?"

கேட்போம் என்றோம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, படிப்பகத்தில் ஏதேனும் ஒரு செய்தியை எடுத்துவைத்து நான்கு கேள்விகளையும் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நமக்கு உவப்பான செய்திகளிலிருந்தே தொடங்குவதாகத் திட்டம். முதற் கூட்டத்துக்குத் தலைமையேற்கப் பெரியவர் இசைந்திருக்கிறார்.